பதினைந்து நிமிட நடையில் ஒரு மைதானம்: நிஷிகசாய்த் தமிழர்களுக்கு ஒரு திறந்த மடல்

நிஷிகசாய், கசாய், ஒஜிமா குடியிருப்புகளில் வாழும் நம் தமிழ்ச் சொந்தங்களுக்கு,

உங்களில் பலரை எனக்கு முகம் தெரியும். பொங்கல் விழாவில் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம், மளிகைக்கடையில் கடைசிக் கட்டு முருங்கைக்காயை ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்திருக்கிறோம். இருந்தும் இத்தனை நாள் உங்களிடம் சொல்லாத ஒரு விஷயம் இருக்கிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

நிஷிகசாய் ஸ்டேஷனிலிருந்து கடல் பக்கமாகப் பதினைந்து நிமிடம் நடந்தால், அரகாவா ஆறு கடலில் சேரும் இடத்துக்கு அருகில், எதொகாவா வார்டின் தடகள மைதானம் வரும். பெயர்ப்பலகையில் இப்போது 'ஸ்பியர்ஸ் எதோரிக்கு ஃபீல்ட்' என்று இருக்கும். நான் 2008-ல் இந்த ஊருக்கு வந்தேன். கணவருக்கு வேலை விசா, எனக்கு டிபென்டென்ட் விசா, இடுப்பில் ஒன்றரை வயது மகன். அவனை நடை பழக்கியது அந்த மைதானத்தை ஒட்டிய பாதையில்தான். சைக்கிள் ஓட்டப் பழகியதும் அங்கேதான். பதினைந்து வருடம் அந்த வேலியை ஒட்டி நடந்திருக்கிறேன். உள்ளே யார் ஆடுகிறார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

உள்ளே ஆடியது ஜப்பானின் மிகச் சிறந்த ரக்பி அணிகளில் ஒன்று. குபோட்டா ஸ்பியர்ஸ் ஃபுனபாஷி டோக்கியோ-பே என்பது அதன் முழுப்பெயர். ஆரஞ்சு நிறச் சட்டை. 2023-ல் நாட்டின் சாம்பியன். டிராக்டர் கம்பெனி குபோட்டாவின் அணி அது. ஆம், நம் ஊர் வயல்களில் ஓடுகிற அதே குபோட்டா.

அடுத்த சீசனில் ஒரே ஒரு ஆட்டத்துக்குக் குடும்பத்தோடு வாருங்கள் என்று உங்களைக் கூப்பிடத்தான் எழுதுகிறேன். ரக்பி தெரியாது என்று ஒதுங்கிவிடாதீர்கள். எனக்கும் தெரியாமல்தான் போனேன்.

என்னை அழைத்துப் போனவர் எங்கள் தளத்தில் இரண்டு கதவு தள்ளிக் குடியிருக்கும் பாட்டி. என் பிள்ளைகள் அவரை ஒபாச்சான் என்றே கூப்பிடுகிறார்கள், நானும் அப்படியே. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால் 2011 மார்ச்சுக்குப் போக வேண்டும். அந்த மாதம் நாம் எல்லாரும் என்ன செய்தோம் என்பது உங்களில் பழைய ஆட்களுக்கு மறந்திருக்காது. நிலம் ஆடியது, ஃபுகுஷிமா அணு உலைச் செய்தி வந்தது, ஊரிலிருந்து அம்மா அப்பா போனில் அழுதார்கள். கிடைத்த விமானத்தில் ஏறினோம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை, கையில் குழந்தையை வைத்திருப்பவர்கள் அப்படித்தான் செய்வார்கள். கிளம்பும்போது வீட்டுச் சாவியை ஒபாச்சானிடம் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஜப்பானியத்தில் 'தண்ணீர்' என்று மட்டும் சொல்லி, பால்கனியைக் காட்டினேன். அங்கே ஊரிலிருந்து கொண்டுவந்து தொட்டியில் வளர்த்த கறிவேப்பிலைச் செடி ஒன்று இருந்தது.

மே மாதம் திரும்பினோம். செடி புதுத் துளிர் விட்டு நின்றது. தொட்டியைக் காற்றடிக்காத மூலைக்கு நகர்த்தி வைத்திருந்தார். அதைச் சுற்றி ஒரு பழைய பிளாஸ்டிக் விரிப்பைக் கட்டி, முடிச்சுக்கு மேல் முடிச்சு போட்டிருந்தார். அந்த முடிச்சை அவிழ்க்க எனக்குக் கால் மணி நேரம் பிடித்தது.

அப்போதுதான் அவர் வீட்டில் முதன்முதலாக உட்கார்ந்து தேநீர் குடித்தேன். பக்கத்து உராயாசுவில் மண் நீராய் இளகி, தெருக்கள் குழம்பி, குழாய்கள் பிய்ந்து, மக்கள் தண்ணீர் லாரிக்கு வரிசையில் நின்ற கதையைச் சொன்னார். அவருடைய கணவர் உயிரோடு இருந்தவரை ஒரு சிறிய ஒப்பந்தக்காரரிடம் தண்ணீர்க் குழாய் பதிக்கும் வேலை பார்த்தவர். இரும்புக் குழாயில் குபோட்டாவின் முத்திரையைப் பார்த்தாலே முதுகு வலி ஞாபகம் வரும் என்று சொல்வாராம், ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் என்றால் அந்தப் பெயருக்காகத்தான் கத்துவாராம். கணவர் போன பிறகும் பாட்டி கத்துவதை நிறுத்தவில்லை. இதையெல்லாம் அன்று நான் பாதிதான் புரிந்துகொண்டேன். மீதி புரிய, மொழி பழக, இன்னும் பத்து வருடத்துக்கு மேல் ஆனது.

2023-ன் தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை கதவைத் தட்டினார். கையில் இரண்டு டிக்கெட். கூட வருவதாக இருந்த தோழிக்கு உடம்பு சரியில்லை, நீ வா என்றார். கழுத்தில் ஆரஞ்சுத் துண்டு, தோளில் ஒரு கம்பளிப் போர்வை, உட்காரும் இடத்தில் விரிக்க நாலாக மடித்த செய்தித்தாள். எண்பதைத் தொடப்போகும் மனுஷி என்னைவிட வேகமாக நடந்தார்.

முதலில் எனக்கு ஆச்சரியமாக இருந்தது ஆட்டம் அல்ல, உட்கார்ந்திருந்த விதம். எங்களுக்கு இடப்பக்கத்தில் எதிரணியின் சட்டை போட்ட ஒரு குடும்பம். நடுவில் தடுப்பு இல்லை, காவல் இல்லை. ரக்பியில் இரண்டு பக்கத்து ரசிகர்களும் கலந்தேதான் உட்காருவார்கள். ஒபாச்சான் அவர்கள் பக்கம் திரும்பி, தூரத்திலிருந்து வந்ததற்கு நன்றி என்று தலைகுனிந்து சொன்னார். வீட்டுக்கு வந்த சம்பந்தி வீட்டாரிடம் பேசுவதைப் போல இருந்தது. இந்த லீகில் சொந்த மைதானத்து ஆட்டத்தை ஹோம் ஆட்டம் என்று சொல்வதில்லை, 'ஹோஸ்ட் கேம்' என்கிறார்கள் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். ஆடும் இடம் 'ஹோஸ்ட் ஸ்டேடியம்'. அதாவது நாம் விருந்து அழைத்த வீட்டுக்காரர்கள், அவர்கள் விருந்தாளிகள். அன்று கூட்டத்தில் என்னைத் தவிர இந்திய முகம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை. ஆனால் என் தோளில் ஆரஞ்சுத் துண்டைப் போட்டுவிட்ட பிறகு, வந்தவர்களை வரவேற்கும் பக்கத்தில் நானும் இருந்தேன். இத்தனை வருடத்தில் இந்த நாட்டில் நான் விருந்தாளியாக இல்லாமல் வீட்டுக்காரியாக உட்கார்ந்த முதல் நாள் அதுதான்.

ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், நீங்கள் வரும்போது பயன்படும். ஒரு பக்கம் 15 பேர், மொத்தம் 80 நிமிடம். பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடலாம், உதைக்கலாம். ஆனால் கையால் முன்னால் எறியக் கூடாது, பக்கவாட்டிலோ பின்னாலோதான் கொடுக்கலாம். கோட்டைத் தாண்டிப் பந்தை நிலத்தில் அழுத்தினால் 'டிரை', 5 புள்ளி. அதற்குப் பிறகு கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் இன்னும் 2. தவறு செய்த அணிக்கு எதிராகக் கிடைக்கும் பெனால்டியை உதைத்து உள்ளே அனுப்பினால் 3. சடுகுடு பார்த்து வளர்ந்தவர்களுக்கு 'டேக்கிள்' என்பது சொல்லித்தர வேண்டிய விஷயமே இல்லை. காலைப் பிடிப்பது, இடுப்பைப் பிடிப்பது, விழுந்த பிறகும் அங்குலம் அங்குலமாகக் கையை நீட்டுவது எல்லாம் நம் கண்ணுக்குப் பழகியவை.

பழகாதது 'ஸ்க்ரம்'. இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேர், தோளோடு தோள் கோத்து, தலைகுனிந்து எதிரெதிரே நிற்கிறார்கள். ஒரு பக்கத்து எடையைக் கூட்டினால் 900 கிலோ அளவுக்கு வரும். நடுவர் 'க்ரௌச்' என்கிறார், குனிகிறார்கள். 'பைண்ட்' என்கிறார், எதிராளியின் சட்டையைப் பற்றிக்கொள்கிறார்கள். அந்த நேரத்தில் மைதானம் முழுவதும் பேச்சு நின்றுவிடும். குளிர்காலத்தில் அவர்கள் முதுகிலிருந்து ஆவி எழுவதைக் கண்ணால் பார்க்கலாம். 'செட்' என்றதும் மோதும் சத்தம், நெல் மூட்டையை லாரியிலிருந்து சிமென்ட் தரையில் போட்டால் கேட்குமே, அது. நடுவே தடகள ஓட்டப்பாதை இருப்பதால் இந்த மைதானத்தில் ஆடுகளம் சற்றுத் தள்ளித்தான் இருக்கிறது. அப்படியிருந்தும் அந்தச் சத்தம் ஸ்டாண்டுக்கு வந்துவிடும். முன்வரிசையின் நடுவில் நிற்பவர் 'ஹுக்கர்'. ஸ்பியர்ஸுக்கு அந்த இடத்தில் தென்னாப்பிரிக்காவின் மால்கம் மார்க்ஸ் ஆடுகிறார். 2025-ல் உலகின் சிறந்த வீரர் என்று தேர்வு செய்யப்பட்டவர். அப்பேர்ப்பட்ட ஆள், நாம் வெந்தயக்கீரை வாங்கப் போகும் கடையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் ஆடுகிறார். இதை நமக்கு யாரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை.

ஒரு டிராக்டர் கம்பெனிக்கு ரக்பி அணி எதற்கு என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஜப்பானில் ரக்பி வளர்ந்ததே பல்கலைக்கழகங்களிலும் கம்பெனிகளிலும்தான். எஃகு ஆலை, கார் தொழிற்சாலை, மின்சாதனக் கம்பெனி என்று ஒவ்வொன்றும் தன் தொழிலாளர்களைக் கொண்டு ஓர் அணி வைத்திருந்தது. காலையில் வேலை, மாலையில் பயிற்சி. இன்று பல வீரர்கள் முழுநேரத் தொழில்முறை ஆட்டக்காரர்கள். ஆனாலும் இந்த லீகில், அலுவலக மேசையில் மற்றவர்களோடு உட்கார்ந்து வேலை பார்த்துவிட்டுப் பயிற்சிக்குப் போகிற 'ஷாயின்' வீரர்கள், அதாவது கம்பெனி ஊழியர்களான வீரர்கள், இன்னும் இருக்கிறார்கள். குபோட்டாவின் அணி 1978-ல் தொடங்கியது. தலைமையகம் ஒசாகாவில், ஆனால் அணி டோக்கியோ விரிகுடாவில். காரணம் குழாய். ஃபுனபாஷி கடலோரத்தில் கேயோ தொழிற்சாலை என்று குபோட்டாவுக்கு ஒன்று இருக்கிறது. நிலத்தடித் தண்ணீர்க் குழாய்களை வார்க்கும் இடம். அணியின் பயிற்சிக்களமும் ஃபுனபாஷியில்தான்.

நாம் குபோட்டா என்றால் டிராக்டர் என்கிறோம். அதன் வேர் குழாயில் இருக்கிறது. இன்னோஷிமா என்ற தீவில் 1870-ல் பிறந்த கொன்ஷிரோ என்ற பையன், பதின்வயதில் ஒசாகாவுக்கு வந்து வார்ப்புப் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து, 1890-ல் பத்தொன்பது வயதில் சொந்தப் பட்டறை போட்டான். தராசு உறுப்புகளையும் சில்லறைச் சாமான்களையும் வார்த்துக்கொண்டிருந்தான். அப்போது காலரா ஜப்பானின் துறைமுக நகரங்களை வாட்டிக்கொண்டிருந்தது. சுத்தமான தண்ணீரைக் குழாயில் கொண்டுவருவதுதான் வழி என்று அரசு முடிவு செய்தது. ஆனால் இரும்புக் குழாய் வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. உள்ளூரில் வார்த்தால் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்து, தண்ணீர் கசிந்தது. கொன்ஷிரோ வருடக்கணக்கில் அந்த அச்சோடு மல்லுக்கட்டி, ஒரே சீரான குழாயை வார்த்துக் காட்டினார். குபோட்டா என்பது அவர் பிறந்த குடும்பத்தின் பெயரல்ல. அவர்மேல் பிரியம் வைத்த ஒருவர் அவரைத் தத்தெடுத்துக்கொண்டபோது வந்த பெயர்.

இன்று அவர்கள் வார்க்கும் நிலநடுக்கம் தாங்கும் குழாயின் சூட்சுமம் இணைப்பில் இருக்கிறது. நிலம் இழுத்தால் இணைப்பு கொஞ்சம் நீளும், நெருக்கினால் சுருங்கும், எல்லை மீறி இழுத்தால் உள்ளே இருக்கும் வளையம் பிடித்துக்கொள்ளும். மொத்தக் குழாய்வரிசையும் சங்கிலி மாதிரி நெளிந்துகொடுக்கும், கழன்றுகொள்ளாது. 1995-ல் கோபே நகரம் குலுங்கியபோது பழைய குழாய்கள் எண்ணற்ற இடங்களில் உடைந்தன. இந்த வகை தாக்குப்பிடித்தது. ஒபாச்சான் இரண்டு தேநீர்க் கோப்பைகளின் கைப்பிடிகளை ஒன்றில் ஒன்று மாட்டி இழுத்து எனக்கு இதைச் செய்து காட்டினார். கணவர் அவருக்கு அப்படித்தான் காட்டினாராம்.

டெல்டாக்காரர்களுக்கு நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நான் ஊரை விட்டுக் கிளம்பிய அதே 2008-ன் கடைசியில்தான் குபோட்டா சென்னையில் தன் இந்தியக் கம்பெனியைத் தொடங்கியது. மன்னார்குடிப் பக்கம் எங்கள் அப்பா நடவுக்கு ஆள் கிடைக்காமல் தவித்த காலம் அது. பிறகு நடவு மிஷின் வந்தது. அதற்காகப் பாய் நாற்றங்கால் விடப் பழகினார். நாற்றைப் பாய் மாதிரி சுருட்டி எடுத்து மிஷினில் வைப்பதை போனில் வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினார். அறுப்புக்கு, சேற்றில் இறங்கும் பெல்ட் மிஷின். நான் முதன்முதலில் எதோரிக்குவில் அந்த ஆரஞ்சைப் பார்த்தபோது, 'இது அப்பா வீடியோவில் பார்த்த நிறம்' என்றுதான் மனதில் ஓடியது. அப்பாவிடம் சொன்னேன். மிஷின்காரனுக்கு விளையாட்டு வேறா என்றார். இப்போது ஆட்டம் நடக்கும் நாட்களில் ஸ்கோர் கேட்கிறார்.

2023 மே 20, சனிக்கிழமை. தேசிய ஸ்டேடியத்தில் இறுதி ஆட்டம். ஒபாச்சானும் நானும் மகனும் டோஸாய் லைன் ஏறி, மோன்சென் நகாச்சோவில் ஓயெதோ லைனுக்கு மாறிப் போனோம். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஆரஞ்சுச் சட்டைகள் ஏறின. எதிரே சைதாமா வைல்ட் நைட்ஸ். பானாசோனிக் கம்பெனியின் அணி, முந்தைய வருடச் சாம்பியன். 2022 ஜனவரியில் 'லீக் ஒன்' என்ற இந்தப் புதிய லீகின் தொடக்க ஆட்டமே இதே இரண்டு அணிகளுக்கு இடையே, இதே ஸ்டேடியத்தில் நடப்பதாக இருந்தது. கொரோனாவால் ரத்தானது. அன்று ஆடாமல் விட்ட ஆட்டத்தைத்தான் இன்று ஆடப்போகிறார்கள் என்று பின்னால் இருந்த ஒருவர் தன் மகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆஸ்திரேலியாவின் பெர்னார்ட் ஃபோலி நான்கு பெனால்டிகளை உள்ளே அனுப்பினார். நான்கு மூன்று பன்னிரண்டு. இடைவேளைக்குப் பிறகு சைதாமா திரும்பி வந்து 15-12 என்று முந்தியது. 69-ஆவது நிமிடம். நடுக்களத்தில் கேப்டன் தாதேகாவா ஹருமிச்சிக்குப் பந்து வந்தது. முன்னால் சுவர் மாதிரி ஆட்கள். அவர் யாரோடும் மோதவில்லை. நிமிர்ந்து ஒரு தரம் பார்த்தார், பந்தைக் காலால் மேலே தூக்கிக் குறுக்கே அனுப்பினார். அந்தப் பந்து காற்றில் இருந்த நேரத்தில் என் மகன் என் முழங்கையைப் பிடித்த பிடி இன்னும் ஞாபகம் இருக்கிறது. இடது ஓரத்தில் கிதா ஹருத்தோ ஓடிவந்து அதை வாங்கி, கோட்டுக்குள் விழுந்தார். ஐந்து புள்ளி, 17-15. அதற்குப் பிறகு ஆட்டம் முடியும்வரை ஒபாச்சான் போர்வையால் வாயை மூடிக்கொண்டிருந்தார். அந்த ஸ்கோர் மாறவே இல்லை. அணி தொடங்கி 45 வருடத்தில் முதல் கோப்பை.

தாதேகாவாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2015 உலகக் கோப்பையில், பிரைட்டனில், தென்னாப்பிரிக்காவை 34-32 என்று ஜப்பான் வீழ்த்தியதே, அந்த அணியில் ஆடியவர். அவர் 2012-ல் குபோட்டாவில் சேர்ந்தபோது அணி முதல் நிலையிலிருந்து இறங்கி இரண்டாம் நிலையில் கிடந்தது. பெரிய அணிகள் கூப்பிட்டிருக்கும் தகுதியுள்ள ஆள், தோற்று இறங்கிய அணியில் சேர்ந்து, பத்து வருடத்துக்கு மேல் அங்கேயே நின்றார். 2016-ல் தென்னாப்பிரிக்காவிலிருந்து பயிற்சியாளராக வந்த ஃபிரான்ஸ் லுடெக்கேயும் அப்படித்தான், ஒரு சீசனில் காட்டிவிட வேண்டும் என்று அவசரப்படாமல் வருடக்கணக்கில் அடுக்கிக் கட்டினார். கோப்பை வந்த அடுத்த வருடமே அணி முதல் நான்கு இடங்களுக்குள் வரவில்லை. 2025 ஜூன் 1-ல் மறுபடி இறுதி ஆட்டம், தோஷிபாவிடம் 13-18 தோல்வி. ஒரு டிரையும் அதற்கான உதையும் கிடைத்திருந்தால் கோப்பை நம்முடையது. 'நம்முடையது' என்று எழுதுகிறேன், கவனித்தீர்களா. பதினைந்து வருடம் இந்த ஊரில் எதைப் பற்றியும் அந்தச் சொல் என் வாயில் வந்ததில்லை.

இந்த அணியில் ஜப்பானியரோடு டோங்கா, நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா என்று பல ஊர்க்காரர்கள் ஆடுகிறார்கள். வெளிநாட்டுக்காரர்கள் பணத்துக்கு வந்தவர்கள்தானே என்று நம்மில் ஒருவர் கேட்டார். நாமும் சம்பளத்துக்கு வந்தவர்கள்தானே? ஜப்பான் ரக்பிக்கு முதன்முதலில் டோங்காக்காரர்கள் வந்த கதை தெரிந்தால் இந்தக் கேள்வியே எழாது. டோங்காவின் மன்னர் நான்காம் துபோ, ஜப்பானிய மணிச்சட்டத்தில் பெரிய ஈடுபாடு கொண்டவர். தன் நாட்டுப் பிள்ளைகள் கணக்கில் தேற வேண்டும் என்று, 1980-ல் இரண்டு இளைஞர்களை தைதோ புங்கா பல்கலைக்கழகத்துக்கு மணிச்சட்டம் கற்க அனுப்பினார். அவர்கள் ரக்பியும் ஆடினார்கள். இருவருமே பிறகு ஜப்பான் நாட்டு அணிக்காக ஆடினார்கள். அவர்கள் போட்ட பாதையில் அடுத்தடுத்த தலைமுறைகள் வந்தன, இன்று ஜப்பான் அணியை டோங்கா வேர் இல்லாமல் நினைத்துப் பார்க்க முடியாது. கணக்குப் போட வந்தவர்கள் இந்த மண்ணின் சட்டையைப் போட்டுக்கொண்டார்கள். கம்ப்யூட்டரைக் கட்டிக்கொண்டு வந்த நமக்கு இது அந்நியமான கதையா, சொல்லுங்கள்.

கம்பெனியின் பெயரைச் சொல்லிக் கைதட்டக் கூப்பிடும்போது, அந்தப் பெயரின் இருண்ட பக்கத்தையும் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. அமகசாகி நகரில் குபோட்டாவின் பழைய கன்சாகி ஆலை, குழாய் செய்ய நீல ஆஸ்பெஸ்டாஸைப் பயன்படுத்தியது. வருடங்கள் கழித்து, அங்கே வேலை பார்த்தவர்கள் மட்டுமல்ல, ஆலையைச் சுற்றி வெறுமனே குடியிருந்தவர்களும் நுரையீரலை மூடும் சவ்வில் வரும் புற்றுநோயில் விழுந்தார்கள். 2005-ல் இது வெளியே வந்தபோது நாடே அதிர்ந்தது. அடுத்த வருடம், சுற்றுவட்டார மக்களுக்கு நிவாரணத் தொகை கொடுக்க நிறுவனம் ஏற்பாடு செய்தது. காலராவிலிருந்து நகரங்களைக் காத்த குழாயும் அந்தக் கம்பெனியுடையது, அமகசாகியின் சாவுகளும் அதனுடையவை. ஒபாச்சானிடம் ஒருநாள் இதைப் பற்றிக் கேட்டேன். கணவருடைய இருமல் எதனால் வந்தது என்று தனக்கு யாரும் சொன்னதில்லை என்றார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. ஆனாலும் அடுத்த ஆட்டத்துக்கு ஆரஞ்சுத் துண்டோடு வந்தார். அவர் கத்துவது களத்தில் இருக்கும் அந்தப் பதினைந்து பேருக்காக. போர்டு ரூமில் உட்கார்ந்திருப்பவர்களுக்காக அல்ல.

இப்படி ஆள் வந்து உட்காருவது ஏன் முக்கியம் என்று சொல்கிறேன். கம்பெனி அணிகளின் உயிர் மெல்லிய கயிற்றில் தொங்குகிறது. ஃபுக்குஓகாவில் கோக்கா-கோலாவின் ரெட் ஸ்பார்க்ஸ் 2021-ல் கலைக்கப்பட்டது. அதே பகுதியின் முனகதா சனிக்ஸ் புளூஸ், லீக் ஒன்னின் முதல் சீசனை ஆடி முடித்த கையோடு 2022-ல் மூடப்பட்டது. என்.டி.டி. குழுமம் தன் இரண்டு அணிகளை அதே வருடம் மாற்றியமைத்தபோது, ஒசாகாக்காரர்கள் தங்கள் அணி கீழ்நிலைக்குப் போவதைப் பார்த்தார்கள். வருடக் கணக்கைப் பார்க்கும் யாரோ ஒருவர் ஒரு வரியை அடித்தால் போதும், முப்பது நாற்பது வருட அணி இல்லாமல் போகும். அதனால்தான் லீக் ஒன் தொடங்கும்போது, அணியின் பெயரில் கம்பெனியோடு ஊரின் பெயரையும் சேர்த்தார்கள். ஃபுனபாஷி டோக்கியோ-பே என்ற வால் குபோட்டாவுக்கு வந்தது அப்படித்தான். ஊர்ப் பெயரைப் போட்டால் மட்டும் போதாது, ஊர்க்காரர்கள் வர வேண்டும். நிஷிகசாயில் நாமும் ஊர்க்காரர்கள்தான். வார்டுக்கு வரி கட்டுகிறோம், குப்பையை நாள் பார்த்துப் பிரித்துப் போடுகிறோம், பிள்ளைகளை இங்கே பெற்று வளர்க்கிறோம். ஸ்டாண்டில் மட்டும் நம்மைக் காணோம்.

டிபென்டென்ட் விசாவில் வந்திருக்கும் தங்கைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. கணவர் ஆபீஸுக்கும் குழந்தை பள்ளிக்கும் போன பிறகு அந்த அபார்ட்மென்டில் விழும் அமைதி எனக்குத் தெரியும். மொழி வராமல், யாரிடமும் பேசாமல், மூன்று நாள் நான்கு நாள் வெளியே போகாமல் நானும் இருந்திருக்கிறேன். ஸ்டேடியத்தில் மொழி வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் கை தட்டும்போது நீங்களும் தட்டுங்கள், அவர் ஐயோ என்றால் நீங்களும் ஐயோ என்று சொல்லுங்கள், தமிழிலேயே சொல்லுங்கள். எண்பது நிமிடம் முடியும்போது பக்கத்தில் இருப்பவரின் பெயர் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நான் ஜப்பானியம் உருப்படியாகப் பேசக் கற்றது வகுப்பில் அல்ல, 'ஏன் இப்போது விசில் ஊதினார்' என்று ஒபாச்சானை ஓயாமல் கேட்டுக் கேட்டுத்தான்.

பிள்ளைகளைக் கட்டாயம் கூட்டி வாருங்கள். ஞாயிறு காலை ஆற்றங்கரையில் நாம் ஆடும் கிரிக்கெட்டை யாரும் விட வேண்டாம், என் மகனும் அங்கே ஆடுகிறான். ஆனால் அவன் வகுப்பு ஜப்பானியப் பையன்களோடு திங்கட்கிழமை பேச ஒரு பேச்சு வேண்டும் அல்லவா? தாதேகாவாவின் அந்த உதை அவனுக்கு அப்படி ஒரு பேச்சைக் கொடுத்தது. ஆட்டம் முடிந்ததும் வீரர்கள் வரிசையாக ஸ்டாண்டின் முன்னால் வந்து நின்று குனிந்து வணங்குவார்கள். ஜெயித்தாலும் தோற்றாலும் இது நடக்கும். முழங்கையில் ரத்தக் கட்டோடு, காதில் பஞ்சோடு நிற்கும் ஆறரை அடி மனிதர், உங்கள் ஆறு வயதுக் குழந்தையைப் பார்த்துக் குனிவார். குழந்தை என்ன செய்கிறது என்று பாருங்கள்.

நடைமுறை விஷயங்கள். சீசன் குளிர்காலத்தில் தொடங்கி ஜூன் வாக்கில் முடியும். எல்லா ஹோஸ்ட் ஆட்டமும் எதோரிக்குவில் நடக்காது, சில வேறு மைதானங்களுக்குப் போகும், அட்டவணையைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆற்றுக்காற்று எலும்பில் இறங்கும், வெயில் அடிக்கிறதே என்று ஸ்வெட்டரை வீட்டில் விட்டுவிட்டு வராதீர்கள். உட்கார நாலாக மடித்த செய்தித்தாள் ஒன்று போதும்.

சீசனின் முதல் எதோரிக்கு ஆட்டத்தன்று, தொடங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், ஸ்டேஷன் வாசலில் ஆரஞ்சுத் துண்டோடு நிற்பேன். கூடவே ஒபாச்சானும் இருப்பார். இப்போது அவருக்கு வேகமாக நடக்க முடிவதில்லை, அதனால் பதினைந்து நிமிடம் இருபத்தைந்து ஆகும், பொறுத்துக்கொள்ளுங்கள். எல்லாருக்கும் சேர்த்துப் புளியோதரை கட்டிக்கொண்டு வருகிறேன். அவருக்குக் காரம் ஆகாது, எலுமிச்சைச் சாதம் தனியாக. தாளிக்கப் போடும் கறிவேப்பிலை, அந்தச் செடியிலிருந்துதான்.

அன்புடன்,
உங்கள் தெருக்காரி ஒருத்தி